டிக்கியில் பன்னிரண்டு வருடம் தூங்கிய ஸ்டெப்னி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவன். கார் ஓட்ட ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் இந்தத் தை மாதம் வரைக்கும் ஒரு சக்கரத்தைக்கூட நானே கழற்றி மாட்டியதில்லை. பஞ்சர் ஆனபோதெல்லாம் பக்கத்தில் ஒரு கடை இருந்தது, இல்லையென்றால் விஷயம் தெரிந்த யாராவது இருந்தார்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது என்ற தைரியத்திலேயே காலம் ஓடிவிட்டது.

வண்டி 2013-இல் வாங்கிய டீசல் ஸ்விஃப்ட், அலாய் வீல் போட்ட டாப் மாடல். மதுரையில் மச்சினனுக்குப் புதுமனை புகுவிழா. ஏழரை மணிக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்பதால் திருச்சியிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிட்டோம். முன்னால் நானும் மனைவியும். பின் இருக்கையில் மாமியார், அவர் மடியில் பூக்கூடை. டிக்கியில் குத்துவிளக்கு ஒரு ஜோடி, இரண்டு சூட்கேஸ், ஒரு சாக்கு வாழைக்காய், சீர்த்தட்டு வகையறா. இந்தச் சாமான் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். ஸ்டெப்னி அதற்கெல்லாம் அடியில் இருக்கிறது.

விராலிமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தடதடவென்று ஒரு சத்தம். ரோடு சுரண்டிப் போட்டிருக்கிறார்கள்போல என்று நினைத்தேன். ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அதில்தான் ஏமாந்தேன். முன் டயரில் காற்று போனால் கையில் தெரியும். பின் டயர் போனால் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் தெரியும். அதனால் முதலில் கண்டுபிடித்தது மாமியார்தான்.

"மாப்ள, வண்டி நொண்டுது."

உடனே ஓரம் கட்டியிருக்க வேண்டும். நான் கட்டவில்லை. கும்மிருட்டு, இரண்டு பக்கமும் பொட்டல், பெண்கள் இருக்கிறார்கள், வெளிச்சமாக ஒரு இடம் வரட்டும் என்று முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்தேன். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். ஒரு டீக்கடையும் அதன் முன்னால் ஒரு லாரியும் வந்தன. அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு என்ன விலை கொடுத்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இறங்கிப் பார்த்தால் பின் இடது டயர் சப்பை. ரிம் கிட்டத்தட்ட தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணத்தை உறையிலிருந்து முதல்முறையாகப் பிரித்து, ஐம்பது அறுபது தப்படி பின்னால் கொண்டுபோய் வைத்தேன். மடிப்புக் காலை விரிக்கத் தெரியாமல் அதிலேயே இரண்டு நிமிடம் போனது. டிக்கியைக் காலி செய்து, கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் நடுத் திருகைத் திருப்பினால் அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகிய பிறகு வந்தது. சக்கரத்தைத் தூக்கினால் அடியில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் தேங்கி, பள்ளம் முழுக்கத் துரு. டிக்கிக் கதவின் ரப்பர் எங்கேயோ விட்டிருக்கிறது. எத்தனை மழைக்காலத் தண்ணீரோ.

சக்கரத்தைக் கீழே போட்டேன். துள்ளவில்லை. 'தொப்' என்று விழுந்து அப்படியே உட்கார்ந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போனது.

சப்பையாக ஒரு சக்கரம் வண்டியில், சப்பையாக இன்னொன்று தரையில், மணி நாலே முக்கால். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

லாரிக்காரர் அப்போது ஒரு இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு தன் வண்டியைச் சுற்றி ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வந்தார். நாமக்கல் வண்டி. ஐம்பது வயதிருக்கும், தலையில் மப்ளர்.

"ஸ்டெப்னி இருக்கா சார்?"

"இருக்குண்ணே. காத்துதான் இல்ல."

சிரித்தார். "காத்து இல்லாத ஸ்டெப்னிய எதுக்கு சார் சும்மா சுமந்துட்டுத் திரியறீங்க?"

பதில் இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கேபினில் ஏறி இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து சுருட்டி வைத்த ஒரு கறுப்பு ஹோஸை எடுத்து வந்தார். லாரியில் பிரேக் பிடிப்பதே காற்றால்தான். இன்ஜினோடு ஓடும் கம்ப்ரசர் ஒன்று, சேஸிஸ் ஓரமாக இருக்கும் சிலிண்டர்களில் காற்றை அடைத்துக்கொண்டே இருக்கும். அங்கே எப்போதும் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம். கார் டயருக்கு வேண்டியது முப்பத்துச் சொச்சம். நடமாடும் காற்றுக் கடையே பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! ஹோஸின் ஒரு முனையை லாரியில் இருந்த ஒரு வால்வில் மாட்டி, மறுமுனையை என் ஸ்டெப்னியில் வைத்து அழுத்தினார். டயர் முனகிக்கொண்டே எழுந்தது, விளிம்பு ரிம்மில் போய் 'டப்' என்று உட்கார்ந்தது. கேஜ் எதுவும் கிடையாது. கம்பியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். மந்தமாக ஒலித்தது. இன்னும் கொஞ்சம் காற்று. மறுபடி தட்டினார். இப்போது கணீரென்று கம்பி எகிறியது. "போதும்."

மதுரையில் பெட்ரோல் பங்கில் பார்த்தபோது 42 காட்டியது. காருக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் காதால் அளந்த அளவு அது.

அடுத்து நட். நாலே நாலு நட்தான், 19 எம்.எம். வண்டியோடு வந்த ஸ்பானரை மாட்டிக் கையால் இழுத்தேன், காலால் மிதித்தேன், கடைசியில் அதன் மேலேயே ஏறி நின்றேன். இரண்டு நட் 'கிரீச்' என்று விட்டுக்கொடுத்தன. மற்ற இரண்டும் அசையவில்லை. "ஏர் கன் வச்சு முறுக்கிருக்கானுங்க" என்றார் டிரைவர். உண்மைதான். ஆறு மாதம் முன்பு ஒரு கடையில் அலைன்மென்ட் பார்த்தபோது அந்தத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்ர்' என்று முடுக்கியதை நான் பக்கத்தில் நின்று ரசித்தேன், அவ்வளவு சீக்கிரம் வேலை முடிகிறதே என்று.

கணக்கு வாத்தியாருக்கு இங்கே ஒரு கணக்கு. சின்னக் கார்களின் நட்டுக்கு 85-இலிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு போதும். ஸ்பானரின் கை கால் மீட்டர் நீளம் என்றால் அதன் நுனியில் நாற்பது கிலோ அழுத்தம் கொடுத்தாலே கிட்டத்தட்ட நூறு வந்துவிடுகிறது. என் எடை எழுபத்தெட்டு. நான் முழுசாக ஏறி நின்றும் நகரவில்லை என்றால், அந்தத் துப்பாக்கி வேண்டியதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்காவது முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் கணக்கெல்லாம் போடவில்லை. ஒரு இரண்டரை அடி பைப்பை ஸ்பானர் மேல் சொருகி ஒரு கையால் அமுக்கினார். வந்தது. கை நீளம் மூன்று மடங்கானால் முறுக்கும் மூன்று மடங்கு. "இது கழட்டறதுக்கு மட்டும்தான் தம்பி. மாட்டும்போது பைப்பு போட்டீங்கன்னா போல்ட் வாயப் பொளந்துரும்." இதற்குள் சாரிலிருந்து தம்பிக்கு வந்துவிட்டார்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை எல்லாம் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும், பிறகுதான் ஜாக்கி. இது எனக்குப் புத்தக அறிவாகத் தெரியும். தெரியாதது, ஜாக்கிக்கு அடியில் என்ன வைப்பது என்பது. சாலையோரம் மண். நான்கு சுற்று சுற்றியதும் கார் எழுவதற்குப் பதிலாக ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை ஒன்று வந்தது. அதை அடியில் போட்டதும் கார் மேலே போனது. கதவுக்குக் கீழே, சக்கரத்தை ஒட்டி, தகட்டு விளிம்பில் இரண்டு வெட்டுக் குறி இருக்கும். ஜாக்கியின் தலை அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். வேறு எங்கே கொடுத்தாலும் தகடு நசுங்கும், இல்லை ஜாக்கி நழுவும். இன்னொன்று, பின் சக்கரத்தைத் தூக்குகிறோம் என்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. அது பிடிப்பதே பின் சக்கரங்களை. ஒன்று அந்தரத்தில் தொங்கினால் தரையில் பிடிப்பது ஒன்றுதான். கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். மாமியாரை முன்பே இறக்கி டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தாயிற்று.

நான்கு நட்டையும் கழற்றி சீர்த்தட்டு ஒன்றில் போட்டேன். சக்கரம் வரவில்லை. இழுத்தால் கார்தான் ஆடுகிறது. அலாய்க்கும் நடுவில் இருக்கும் இரும்பு ஹப்புக்கும் இடையே துரு பிடித்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் உதைக்கக் காலைத் தூக்கினேன். டிரைவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஜாக்கி மேல் நிற்கிற காரை உதைப்பவனுக்குக் கால் மட்டும் போவதில்லை. அவர் செய்தது வேறு. நட்டை எல்லாம் திரும்பப் போட்டு இரண்டு சுற்று மட்டும் விட்டு, ஜாக்கியை இறக்கி, கல்லை எடுத்துவிட்டு, வண்டியை முன்னே ஒரு முழம் பின்னே ஒரு முழம் நகர்த்தினார். காரின் எடையே வேலையைச் செய்தது. 'டக்.' மறுபடி தூக்கியதும் சக்கரம் இரண்டு விரலுக்கு வந்துவிட்டது.

ஸ்டெப்னியை மாட்டும்போதும் ஒரு தப்பு செய்தேன். நட்டைத் தலைகீழாக வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கூம்பு. கூம்புப் பக்கம்தான் ரிம் துவாரத்துக்குள் உட்கார்ந்து சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது. முதலில் நான்கையும் கையால் கடைசி வரை ஓட்டிவிட்டு, பிறகு எதிரெதிர் ஜோடியாக ஸ்பானரால் இறுக்கி, இறக்கிய பின் இன்னொரு சுற்று. "கொட்டாம்பட்டில ஒரு டீ குடிக்கிற மாதிரி நிறுத்தி நட்ட ஒரு தடவை பாத்துக்கங்க" என்றார். பார்த்தேன். ஒன்று உண்மையிலேயே கொஞ்சம் இளகியிருந்தது.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. டீயும் வடையும் மட்டும். கிளம்பும்போது கத்தினார், "கல்ல எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போங்க தம்பி!" சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களால் பின்னால் வருகிற பைக்காரன் விழுகிறான். அவர் சொல்லாவிட்டால் நானும் விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்று ஒரு எண் இருப்பது அப்போது மூளையில் வரவே இல்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது ஏழு ஐம்பது. பால் பொங்கி, பங்கிட்டு, டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டயர் கடை. கடைக்காரர் மெஷினில் வைத்துப் பிரித்து, உள்ளே கையை விட்டுத் துழாவி எடுத்து என் முன் நீட்டினார். உள்ளங்கையில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக ஒரு பிடி. டயரின் உட்சுவர் அரைபட்ட தூள். காரின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. அது போனதும் ரிம் விளிம்பு பக்கச்சுவரை மடித்து மடித்து நசுக்குகிறது. சூடு ஏறி உள்ளே இருக்கும் நூலிழைகள் விட்டுப்போகின்றன. வெளியே பார்த்தால் ஒரு கோடு மட்டும் தெரியும். அந்த டயருக்கு மறுபடி காற்றடித்து ஓட்டினால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. குத்தியிருந்த ஆணியையும் காட்டினார். சரியாக நடுப்பட்டையில், ஒன்றரை அங்குல ஆணி. "அங்கயே நிறுத்தியிருந்தீங்கன்னா நூத்தம்பது ரூபா வேலை சார் இது." புது டயருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. கிலோமீட்டருக்கு மூவாயிரத்துக்கு மேல். விமானத்தில்கூட இவ்வளவு வாங்குவதில்லை.

ஆணி ஏன் பின் டயரிலேயே அதிகம் ஏறுகிறது என்று அவரிடம் கேட்டேன். படுத்துக் கிடக்கிற ஆணியை முன் சக்கரம் தட்டி எழுப்பிவிடுகிறது, நிமிர்ந்து நிற்கும்போது பின் சக்கரம் அதன் மேல் ஏறுகிறது என்றார். நிரூபணம் கேட்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

ஸ்டெப்னியையும் அவர் புரட்டிப் பார்த்தார். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 3112. 2012-ஆம் வருடத்தின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாத டயர் என்பதால் மேலே ரப்பர் மயிர் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் பள்ளங்களின் அடியில் நகக்கீறல் மாதிரி வெடிப்புகள். டயருக்கு ஓட்டத்தால் மட்டுமல்ல, சும்மா இருந்தாலும் வயதாகும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி ஒரு அடுப்பு. பத்து வருடத்துக்கு மேற்பட்டதை, எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும், மாற்றிவிடச் சொல்லிப் பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அதனால் அன்றைக்கு இரண்டு டயராக வாங்கினேன். காற்று போனதற்கும் மர்மம் ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், வால்வில் குமிழி இல்லை, ஓட்டை இல்லை. நல்ல டயரே மாதத்துக்கு ஒன்று இரண்டு பி.எஸ்.ஐ. ரப்பர் வழியாகக் கசியவிடும். ஓடுகிற நான்குக்கும் பங்கில் காற்றுப் பிடிக்கிறோம், ஐந்தாவதைக் கேட்பாரில்லை.

என் ஸ்டெப்னி மற்ற நான்கைப்போல இல்லை. அவை 185/65 ஆர்15, அலாய். இது 165/80 ஆர்14, இரும்பு ரிம். வேறு அளவை ஏன் கொடுத்தார்கள் என்று பல வருடம் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், மூன்றாவது ரிம் விட்டம் அங்குலத்தில். ஓடும் டயரின் விட்டம் 621.5 மி.மீ., ஸ்டெப்னி 619.6 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு சுற்றுக்கு ஆறு மில்லிமீட்டர் குறைவாக ஓடும், வண்டிக்கு அது பெரிதாகத் தெரியாது. அகலம் குறைவு என்பதால் ஈரத்திலும் பிரேக்கிலும் பிடிப்பு வேறு மாதிரி இருக்கும், அதனால் மெதுவாகப் போய்க் கடை சேர வேண்டும். கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை, சிக்கனக்காரன். இதைவிட ஒல்லியாக, பைக் டயர்போல ஒன்றைச் சில கார்களில் கொடுக்கிறார்கள். அதற்கு 60 பி.எஸ்.ஐ. காற்று, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கும்.

ஸ்டெப்னி என்கிற பெயர் ஒரு தெருவின் பெயர் என்பது இந்த ஆராய்ச்சியில் கிடைத்த உபரி. ஆரம்பகாலக் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமலேயே விற்கப்பட்டன. 1904 வாக்கில் வேல்ஸில் லனெல்லி என்கிற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரைப் பொருத்தி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்வி வைத்து ஓட்டுகிற மாதிரி செய்தார்கள். அந்தத் தெருப் பெயர் நம் ஊர் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் அதற்கு இன்னொரு குறும்பு அர்த்தமும் உண்டு, அது லனெல்லிக்காரர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

இனி வீட்டில் செய்தவை.

முதல் ஞாயிறு, போர்டிகோவில் ஒத்திகை. அவசரம் இல்லாத நேரத்தில், பகலில், சமதளத்தில் ஒரு தடவை ஸ்டெப்னியை மாட்டிக் கழற்றுவது. நான்கு சக்கரத்தின் நட்டையும் ஒவ்வொன்றாக இளக்கி, ஸ்பானரின் நுனியில் கை எடையைக் கொடுத்து மறுபடி இறுக்கினேன். ஏர் கன் முறுக்கு எல்லாம் போயிற்று. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மெல்லிசாக ஒரு பூச்சு கிரீஸ். நட் உட்காரும் இடத்திலோ மரையிலோ அது படக்கூடாது, மரையில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதே பலத்துக்கு நட் கூடுதலாக இறுகிவிடும். முதல் தடவை நாற்பத்தேழு நிமிடம், அடுத்த வாரம் இருபத்திரண்டு. மனைவி நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து இருபத்தாறு நிமிடத்தில் முடித்தாள். முதல் தடவையிலேயே.

டிக்கிப் பள்ளத்தைத் துருநீக்கிப் பெயின்ட் அடித்தேன், கதவு ரப்பரை மாற்றினேன். இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி பலகைத் துண்டும், இரண்டடி ஜி.ஐ. பைப்பும், ஒரு ஜோடி கையுறையும், தலையில் மாட்டுகிற டார்ச்சும் ஸ்டெப்னியின் குழிக்குள்ளேயே அடங்கின. செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நட் தேடியவனுக்கு அந்த டார்ச்சின் அருமை தெரியும்.

சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வாங்கினேன், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். சோதித்துப் பார்க்க, ஸ்டெப்னியின் காற்றை 10 வரை இறக்கிவிட்டு ஏற்றினேன். 36-க்கு வர நாலரை நிமிடம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அதன் உடம்பு கை வைக்க முடியாத சூடு. அதிலுள்ள மீட்டர் என் தனிக் கேஜைவிட 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுகிறது. எது சரி என்று தெரிந்துகொள்ள மூன்று பங்கில் பார்த்தேன், மூன்றும் மூன்று விதம். கடைசியில் என் கேஜை நம்புவது என்று முடிவு செய்தேன், ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சாட்சி பரவாயில்லை.

அப்புறம் பஞ்சர் கிட். செத்துப்போன அந்த ஐயாயிரம் ரூபாய் டயரைக் கடையிலேயே விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், பழகுவதற்கு. பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த மலிவுக் கிட் முதல் நாளே முறிந்தது. ரேடியல் டயரின் நடுப்பட்டைக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது, ஓட்டைக்குள் விட்டுத் தேய்க்கிற துருவியை அது கவ்விக்கொள்ளும். கையெழுத்துப் போடுகிற பலத்தில் நடக்கிற வேலை இல்லை. மார்பைக் கொடுத்து அமுக்க வேண்டும். இரும்பில் 'டி' வடிவக் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து மறுபடி வாங்கினேன். செத்த டயரில் பதினோரு ஓட்டை போட்டு அடைத்துப் பார்த்தேன்.

நிஜப் பரீட்சை ஆனி மாதம் வந்தது. முன் வலது டயரில் தினம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறைந்தது. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் குமிழி. ஒரு திருகாணித் தலை, தேய்ந்து பளபளவென்று. முன் சக்கரம் என்றால் கழற்றவே வேண்டாம், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் முகம் வெளியே வந்து நிற்கும். சாக்பீஸால் வட்டம் போட்டேன் (வாத்தியார் பையில் அதற்குப் பஞ்சமில்லை). காற்று இருக்கும்போதே வேலையை ஆரம்பிப்பது நல்லது, டயர் விறைப்பாக நின்று கொடுக்கும். குறடால் திருகாணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று பார்த்துக்கொண்டேன். 'உஸ்ஸ்' என்று காற்று முகத்தில் அடித்தது. அதே சாய்வில் துருவியை விட்டுப் பத்துப் பன்னிரண்டு தடவை மேலும் கீழும். பசை தடவிய ரப்பர்க் கயிற்றை ஊசிக் காதில் பாதி வரை கோத்து, இரண்டு வாலும் அரை அங்குலம் வெளியே மிச்சம் இருக்கும்வரை உள்ளே அமுக்கி, ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டில் நேராக இழுத்தேன். ஊசி மட்டும் வெளியே வந்தது, கயிறு உள்ளே தங்கியது. உஸ்ஸும் நின்றது. அந்த நிசப்தம் கேட்பதற்கு அவ்வளவு சுகமாக இருந்தது. வாலை ஒட்ட வெட்டாமல் ஒரு மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்கி, காற்றேற்றி, மறுபடி சோப்புத் தண்ணீர். ஒரு குமிழிகூட இல்லை. பதினெட்டு நிமிடம்.

அதோடு விட்டுவிடவில்லை. கயிறு வைத்தது கடை போய்ச் சேரத்தான் என்பது என் கட்சி. நிறையப் பேர் அப்படியே டயர் தேயும்வரை ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்கிறார்கள். நான் அந்த வாரமே டயரைப் பிரித்து உள்பக்கமிருந்து காளான் வடிவப் பேட்ச் போட்டுக்கொண்டேன், முந்நூற்றைம்பது ரூபாய். உள்ளே தூள் இருக்கிறதா என்று நானே கையை விட்டும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பக்கச்சுவரிலோ தோள்பட்டையிலோ குத்தினால், அல்லது ஓட்டை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் என்றால், கயிறும் இல்லை பேட்சும் இல்லை. அங்கே ஸ்டெப்னிதான்.

இதைச் சொல்லக் காரணம் எதிர்வீட்டுப் புது எலெக்ட்ரிக் கார். டிக்கியைத் திறந்து பெருமையாகக் காட்டினார், எவ்வளவு இடம் என்று. ஸ்டெப்னி கிடையாது. சட்டத்திலேயே இடமிருக்கிறது: 9 பேர் வரை உட்காரும், 3.5 டன் வரையுள்ள வண்டியில் டியூப்லெஸ் டயரும், பழுதுபார்க்கும் கிட்டும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். அந்த எச்சரிக்கைக் கருவி எனக்கு இருந்திருந்தால் விராலிமலையில் ஐயாயிரம் மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கிட் என்பது ஒரு பாட்டில் வெள்ளைத் திரவமும் ஒரு கம்ப்ரசரும். திரவம் ஆணி ஓட்டையை அடைக்கும், கிழிசலை அடைக்காது. பாட்டிலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. நம் பஞ்சர் கடைக்காரரிடம் அந்தத் திரவம் ஊற்றிய டயரைக் கொண்டுபோனால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கழுவி எடுக்கவே அரை மணி நேரம். நைட்ரஜன் அடிக்கச் சொல்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதைப் பங்கில் இலவசமாகவே அடிக்கிறார்கள்.

டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மார்க்கரில் எழுதி வருகிறேன். ஸ்டெப்னிக்கு மட்டும், கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றளவுச் சீட்டில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாக 38 வைப்பது, குறைந்தால் ஏற்றுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் கூடப் போதும், சூடு கண்ட பூனை என்பதால் மாதாமாதம் என்று வைத்தேன். பிப்ரவரி 38. மார்ச் 37. ஏப்ரல் 37. மே 36, ஏற்றியது. ஜூன் 38. ஜூலையில் விடைத்தாள் திருத்துகிற வேலை, அந்தக் கட்டம் காலி.

ஆகஸ்டில் பழனிக்குக் கிளம்பினோம். சாமான் எல்லாம் டிக்கியில் ஏற்றி, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பப் போகும்போது பின் இருக்கையிலிருந்து மாமியார்:

"மாப்ள, அடியில படுத்திருக்கிறதுக்குக் காத்து பாத்தாச்சா?"

மனைவி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். இறங்கினேன். இரண்டு சூட்கேஸ், பிளாஸ்க், அர்ச்சனைப் பை, போர்வை மூட்டை எல்லாவற்றையும் மறுபடி திண்ணையில் இறக்கி வைத்துவிட்டுக் கேஜை வைத்தேன். 35.